சண்டை முடிஞ்சு இவ்வளவு காலம், இவ்வளவு ஆமி எதுக்கு?

கணக்குப்பிள்ளை:
2023 ஜனவரியில பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரமித்த பண்டார தென்னகோன் சொன்ன கணக்கு இது. இலங்கைத் தரைப்படை 200,783 பேர். அதை 2024க்குள்ள 135,000 ஆக்கி, 2030இல 100,000க்குக் கொண்டுவருவினமாம். சண்டை முடிஞ்சது 2009 மே. 2022 ஏப்ரலில கடன் கட்ட ஏலாது எண்டு கைவிரிச்ச நாடு. பிரித்தானியாவின்ர நிரந்தரத் தரைப்படையே முக்கால் இலட்சம் அளவிலதான். குறைச்சு முடிச்ச பிறகும் நாங்கள் அதுக்கு மேல!

பருத்தித்துறையான்:
அண்ணை, கணக்குச் சரி. கடல்காரன்ர மகன் ஒண்டு சொல்லட்டே? இந்திய ரோலர் (இழுவைப் படகு) வாற இரவில கடல் முழுக்க லைட், ஊர் மாதிரித் தெரியும். விடியப் போனா வலை இருந்த இடத்தில மிதவை ரண்டு கிடக்கும். அப்பா ஆரைக் கூப்பிட்டவர்? சண்டைக் காலத்தில பாஸ் இல்லாமக் கடலில இறங்க விடாத அதே நேவியைத்தான். கடலடியை வாருற இழுவைமடியைத் தடுக்க 2017இல சட்டம் போட்டாச்சு. சட்டம் நீந்திப் போய்ப் பிடிக்குமோ? செலவைக் குறை எண்டா முதல் அந்தப் படகின்ர டீசலிலதான் கை வைப்பாங்கள்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, நீர் சொல்லுறது கடற்படை, நான் கேட்டது தரைப்படை. காசில பெரும்பங்கு சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகுது. ஆளைக் குறைச்சாத்தான் டீசலுக்கு மிஞ்சும்.

வன்னிக்காரி:
பட்ஜெட்டில வராத செலவும் இருக்கு. ஏ9 ரோட்டில ஆமி தேத்தண்ணிக் கடை வைச்சிருக்கு. அதே ரோட்டில எங்கட அயல் அக்கா ரொட்டி சுட்டு விக்கிறா. அங்க ரொட்டி போடுறவருக்கு மாதச் சம்பளம், இவ மாக் கடனுக்கு வட்டி கட்டுறா. முல்லைத்தீவுக் கேப்பாப்பிலவுச் சனம் 2017இல ரோட்டோரம் பந்தல் போட்டுக் கேட்டது படையள் பிடிச்சு வைச்சிருந்த தங்கட சொந்தக் காணியை.

பழைய வாத்தியார்:
நான் அநுராதபுரத்தில 11 வருசம் இருந்தவன். குளம் வத்தின வருசத்தில அங்க எத்தினையோ வீட்டு அடுப்பு எரிஞ்சது ஆமியில இருக்கிற மகன் அனுப்பின காசில. ஒரு இலட்சம் பேரை வீட்ட போ எண்டா எங்க போவாங்கள்? தப்பியோடின ஆமிக்காரன் பாதாளக் குழுவோட பிடிபட்ட செய்தி பேப்பரில வாறதுதானே.

கணக்குப்பிள்ளை:
அப்ப அதை ஏழையளுக்கு அரசு குடுத்த சமுர்த்தி உதவிக்காசு எண்டு சொல்லுங்கோ வாத்தியார், பாதுகாப்பு எண்டு சொல்லாதேங்கோ. 2019 ஏப்ரல் 4 தாக்குதல் வரப்போகுதெண்டு இந்தியா தகவல் குடுத்தது, 21ஆம் திகதி தேவாலயங்களில குண்டு வெடிச்சது. ஆமியில ஆள் போதாமலோ அது நடந்தது?

பழைய வாத்தியார்:
அதுக்கு மறுமொழி இல்லை. ஆனா ஆளை விடேக்க கையில தொழிலும் குடுத்து விடவேணும்.

பருத்தித்துறையான்:
மிஞ்சுற காசு கடலுக்கு வருமெண்டு ஆர் எழுதித் தாறது, அண்ணை? அப்பா புது வலைக்கு எடுத்த கடனில இன்னும் நாலு தவணை கிடக்கு.