மகளிர் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் உடல்நலம் பேசலாமா?

வெண்ணிலா (தர்மபுரி)

எங்கள் சுய உதவிக் குழுவில் 14 பேர். மாதம் இரண்டு கூட்டம். சந்தா, கடன் தவணை, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து, அதோடு எழுந்துவிடுவோம். போன மாதம் பாயைச் சுருட்டும் நேரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் என்னை ஓரமாக அழைத்தாள். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கருப்பாகப் போகிறதாம். வயிற்றுக்குள் ஏதோ அழுகிவிட்டது என்று பயந்து, இரண்டு மாத மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். செவிலியர் அக்கா கேட்கும்போதெல்லாம் "போட்டேன்" என்றே சொல்லியிருக்கிறாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொருத்தி, "எனக்கும் அப்படித்தான் போனது. மாத்திரையினால் வரும் கருப்பு அது, பயப்படாதே. டீ குடித்த கையோடு மட்டும் போடாதே" என்றாள். அன்று இரவே அந்தக் கர்ப்பிணி மாத்திரையைப் போட்டாள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் அரை மணி நேரம் இப்படிப் பேச ஒதுக்க வேண்டும், பேச்சை நடத்துபவர் நம்மில் ஒருவராக இருக்க வேண்டும் என்கிறேன். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. மாத்திரை இல்லாத ஊரா இது?

ஓய்வுபெற்ற செவிலி

நான் இதை ஏற்கவில்லை, வெண்ணிலா. 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் சொல்கிறேன். உங்கள் குழுவில் அன்று சரியான பதில் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். இல்லாமல் போயிருந்தால்?

நான் பார்த்த ஒரு பெண்ணுக்கு மார்பில் கொட்டைப்பாக்கு அளவு கட்டி. வலி இல்லை. இதே போன்ற கூட்டத்தில்தான் ஒரு மூத்த அம்மாள், "பால் கட்டியதன் மிச்சம், பற்றுப் போடு" என்றார். எட்டு மாதம் பற்றுப் போட்டார்கள். என்னிடம் வந்தபோது அக்குளிலும் நெரி கட்டியிருந்தது. பெரியவர் சொல்லை அந்தப் பெண் நம்பியதில் என்ன தவறு? நம்பிக்கை இருக்கும் இடத்தில் தவறான தகவல் இன்னும் வேகமாகப் பரவும். உடல்நலம் சொல்லப் படித்தவர்கள் வேண்டும்.

கூழாங்கல்

அம்மா, நீங்கள் சொல்வது நடந்திருக்கும். ஆனால் அது பயிற்சியே இல்லாமல் போகிற போக்கில் சொன்ன வைத்தியம். முறையாக நடத்தினால் என்ன ஆகும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா எல்லைப் பழங்குடிப் பகுதியில் ஏக்ஜுட் என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை 244 மகளிர் குழுக்களோடு செய்த ஆய்வு 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குழுக்கள் இருந்த பகுதிகளில் பிறந்த 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம், குழுக்கள் இல்லாத பகுதிகளைவிட 32 சதவீதம் குறைவு.

நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் மூன்று ஆண்டு இருந்தபோது இந்த முறையில் நடந்த ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தரையில் படங்கள்: காய்ச்சல் கண்ட தாய், சில்லிட்ட குழந்தை, நிற்காத உதிரப்போக்கு. ஒவ்வொருத்தியும் தனக்குப் பெரிதாகப் படும் படத்தின்மேல் ஒரு கூழாங்கல்லை வைக்கிறாள். ஒரு கிழவி கல்லைக் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்துவிட்டுக் கடைசியாகச் சில்லிட்ட குழந்தையின்மேல் வைத்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. எது முதலில் என்று அந்தக் கற்கள்தான் முடிவு செய்தன. ஏன் நடக்கிறது, நம்மால் என்ன செய்ய முடியும் என்பது அடுத்தடுத்த மாதங்களில். நடத்துபவள் உள்ளூர்ப் பெண். அவள் வைத்தியம் சொல்வதில்லை, கேள்வி கேட்கிறாள்.

எண்ணிப் பார்

வெற்றி பெற்றதை மட்டும் எடுத்து வைத்தால் போதாது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் இதே போன்ற குழுக்களை நடத்தி, 2012இல் முடிவு வெளியானது. குழந்தை இறப்பு குறையவில்லை. வங்காளதேசத்தில் 2010இல் வெளியான முதல் ஆய்விலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

அதைவிட, நமக்கு இது பொருந்துமா? ஏக்ஜுட் போன இடத்தில் பெரும்பாலான பிரசவம் வீட்டில். கை கழுவுவதும் தொப்புள்கொடியைக் கொதிக்க வைத்த நூலால் கட்டுவதும் அங்கே உயிர் காத்தன. நம் ஊரில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்.

கூழாங்கல்

வங்காளதேசத்தின் கதையை அங்கேயே நிறுத்தக் கூடாது. முதல் ஆய்வில் சுமார் 1,400 பேருக்கு ஒரு குழு. அடுத்ததில் சுமார் 300 பேருக்கு ஒன்று என்று நெருக்கமாக அமைத்தார்கள். 2013இல் வந்த முடிவு, பச்சிளங்குழந்தை இறப்பில் 38 சதவீதக் குறைவு. அதே ஆண்டு நான்கு நாடுகளின் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், கர்ப்பிணிகளில் 30 சதவீதத்தினராவது கலந்துகொண்ட இடங்களில்தான் பெரிய பலன் தெரிந்தது. பெயரளவுக்கு ஒரு குழு வைத்தால் ஒன்றும் நடக்காது. அந்த அளவில் நானும் உங்கள் பக்கம்தான்.

வெண்ணிலா (தர்மபுரி)

பிரசவம் மருத்துவமனைக்குப் போய்விட்டது, சரி. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை? அதே குடும்ப நல ஆய்வில், நம் மாநிலத்தில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் அதைச் செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் செய்கிறார்கள். ஆனால் துணியை விலக்கிப் படுக்கவேண்டும் என்ற கூச்சம், வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம், இவை துண்டறிக்கை படித்தால் போகுமா? போய் வந்த ஒருத்தி "இரண்டு நிமிடம்தான், வலிக்கவில்லை" என்று சொன்னால் போகும்.

தெருக்கோடி

எல்லோரும் நல்லதே பேசுகிறீர்கள். எங்கள் தெருப் பெண்கள் ஊர்க் குழுவில் இல்லை, எங்களுக்குத் தனிக் குழு. பயிற்சி வந்தால் முதலில் யாருக்கு வரும்? இன்னொன்று, வெள்ளைப்படுதல் பற்றி ஒருத்தி கூட்டத்தில் வாய் திறந்தால் சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அவள் பெயர் அடிபடும். திருமணமாகாத பெண் என்றால் சொல்லவே வேண்டாம். இதற்கு உங்களிடம் என்ன வழி?

ஓய்வுபெற்ற செவிலி

தெருக்கோடி கேட்டதற்கு எனக்கும் உடனே பதில் இல்லை. படங்களை வைத்து "ஒரு பெண்ணுக்கு" என்று கதையாகப் பேசினால் யாரும் தன் பெயரைச் சொல்லத் தேவையிருக்காது. அந்த அளவுக்குக் கூழாங்கல் சொன்ன முறையில் பயன் இருக்கிறது. நடத்துபவருக்குப் பயிற்சியும் சம்பளமும் வேண்டும், செவிலியர் மாதம் ஒருமுறையாவது வந்து உட்கார வேண்டும். கட்டி, உதிரப்போக்கு, மூச்சுத் திணறல் என்றால் பேச்சு அங்கேயே நிற்க வேண்டும், அந்தப் பெண்ணோடு துணைக்கு ஒருத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை இல்லாமல் ஆரம்பித்தால் நான் எதிர்ப்பேன்.

வெண்ணிலா (தர்மபுரி)

துணைக்குப் போகிறவளின் ஒருநாள் கூலி போய்விடும், அம்மா. அதைக் குழுச் சேமிப்பிலிருந்து கொடுக்கலாமா என்று வரும் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன். கோடித் தெருக் குழுவின் ஊக்குநரையும் அன்று வரச்சொல்லிக் கேட்கப் போகிறேன்.

தெருக்கோடி

எங்கள் தெருவில் நடத்துங்கள். நாங்கள் பாய் விரித்து வைக்கிறோம்.