மறுமொழி: ‘செக்யூர்மென்ட் டிவைஸ்’ - நிலைநிறுத்தியா, குழல்பிடியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையை முதல் மடலிலிருந்தே படித்துவருகிறேன். மாணவிகளுக்குத் தேர்வு நேரம், அதனால் உடனே எழுத முடியவில்லை. வார்டில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது செவிலியர் மாணவிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘செக்யூர்மென்ட் டிவைஸ்’ (உடம்பில் செருகிய குழலை நழுவாமல் வைக்கும் கருவி) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறேன். இழையில் நண்பர்கள் முன்வைத்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். கையில் வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றச் செருகும் சிறு குழல்) போட்டதும் அது நழுவாமல் இருக்க எதையாவது ஒட்டுகிறோம். பெரும்பாலும் மைக்ரோபோர், இல்லையென்றால் டைனாபிளாஸ்ட், இரண்டும் ஒட்டும் பிளாஸ்திரிகள்தான். நாலு துண்டு முன்கூட்டியே கிழித்துக் கட்டில் கம்பியில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்வது எங்கள் காலத்துப் பழக்கம். ஒரு கை குழலை அழுத்திப் பிடித்திருக்கும், இன்னொரு கை போய் ஒவ்வொரு துண்டாக எடுத்துவரும். (கட்டில் கம்பி சுத்தமானதல்ல, இப்போது நான் அதைச் செய்யவிடுவதில்லை.) மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப், சிறுநீர்க் குழல், நெஞ்சில் நீர் வடியப் போட்ட குழல், வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் வைத்த ட்யூப், எல்லாவற்றுக்கும் இந்த வேலை உண்டு. நாம் வைக்கிற சொல் அத்தனைக்கும் பொருந்த வேண்டும்.

குழல் முழுசாக உருவிக்கொண்டு வந்தால் கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் நடப்பது வேறொன்று. நோயாளி கையை மடக்கி நீட்டும்போதெல்லாம் குழல் நூலளவு உள்ளே போய் நூலளவு வெளியே வருகிறது. உரசி உரசி ரத்தக்குழாயின் சுவர் புண்ணாகிறது. மேலே சிவந்து, தொட்டால் கயிறுபோல் தடித்திருக்கும். மருந்து சதைக்குள் இறங்கி வீங்கும். தோலில் இருக்கிற கிருமியும் அந்த அசைவோடு உள்ளே போகும். ஆகவே நமக்கு வேண்டிய சொல் ‘விழாமல் வைப்பது’ என்பதோடு ‘அசையாமல் வைப்பது’ என்பதையும் சொல்ல வேண்டும்.

> நிலைநிறுத்தி என்றே வைக்கலாம். மின்சாரத்தில் ஏற்கெனவே பழகிய சொல்.

இதில் எனக்குப் பயம் இருக்கிறது. வார்டில் ‘நிறுத்து’ என்றால் ஒரே பொருள்தான்: மருந்து போவதை நிறுத்து. ‘டிரிப்ஸ் நிறுத்தியாச்சா?’ என்று ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறோம்! ஷிப்ட் மாறும்போது அவசரத்தில் ‘நிலை’ விழுங்கப்படும், ‘நிறுத்தி’ மட்டும் நிற்கும். ஆங்கிலத்திலேயே இந்தத் தடுமாற்றம் உண்டு. அமெரிக்காவின் இன்ஃபியூஷன் நர்ஸஸ் சொசைட்டி 2016 வழிகாட்டியில் ‘ஸ்டெபிலைசேஷன்’ (நிலைநிறுத்தல்) என்று தலைப்பிட்டார்கள். 2021 பதிப்பில் அதையே ‘செக்யூர்மென்ட்’ என்று மாற்றிவிட்டார்கள். அவர்கள் விட்டுவிட்ட சொல்லின் மொழிபெயர்ப்பை நாம் இப்போது எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு யோசனையான ‘கவ்வி’ அழகான சொல், ஆனால் அது கிளாம்புக்குப் போய்விட்டது. கவ்வியைப் போடு என்றால் குழலை நெரித்து ஓட்டத்தை அடை என்று பொருள். ‘பூட்டு’ம் ஆகாது, மருந்து போகாத நேரத்தில் உப்புநீர் செலுத்திக் குழலை மூடி வைப்பதைத்தான் லாக் என்கிறோம். ‘தளை’ என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார், பனையேறிகள் காலில் மாட்டும் தளையைக் காட்டி. படித்ததும் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் ஐசியுவில் நினைவு தடுமாறிய நோயாளியின் கையைக் கட்டிலோடு கட்டி வைக்கிறார்களே, அதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். இரண்டும் கலந்துவிடக் கூடாது.

> குழல்கட்டு? எல்லோருக்கும் புரியும்.

புரியும், அதுதான் சிக்கல். கட்டு என்று சொன்னாலே கை தானாகச் சுற்றும். வேறோர் ஊரிலிருந்து எங்களிடம் வந்த ஒரு பாட்டியை நினைத்துக்கொள்கிறேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளாஸ்திரியைச் சுற்றோ சுற்று என்று சுற்றியிருந்தார்கள். நழுவக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ‘இங்க காந்துதும்மா’ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். வெளியே பார்க்க எதுவும் தெரியவில்லை. எண்ணெய் தொட்டுத் தொட்டுப் பிரித்தேன். வயதான தோல், வெங்காயச் சருகு மாதிரி. இரண்டு இடத்தில் பிளாஸ்திரியோடு உரிந்து வந்தது. உள்ளே குழல் எப்போதோ வெளியே வந்து வளைந்து கிடந்தது. புறங்கை முழுக்க நீர் கோத்து வீங்கியிருந்தது. சுற்றிக் கட்டினால் ரத்த ஓட்டமும் தடைபடும், ஊசி போன இடமும் மறையும். மறைக்கக் கூடாது என்பதற்காகத்தான் கண்ணாடி மாதிரியான படலம் ஒட்டுகிறோம். ‘கட்டு’ என்று பெயர் வைத்தால் செய்யக் கூடாததையே சொல்லிக்கொடுப்பதாகிவிடும்.

‘குழல்காப்பு’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வந்தது. குவீன்ஸ்லாந்து மருத்துவமனைகளில் 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் நான்கு வழிகளை ஒப்பிட்டார்கள்: தோல்பசை, ஓரம் வைத்த படலம், தனிக் கருவி, சாதாப் படலம். நான்கிலும் கிட்டத்தட்ட பத்தில் நாலு குழல்கள் சிகிச்சை முடியும் முன்பே பயனற்றுப் போயின. சாதாப் படலத்தைவிட மற்றவை தெளிவாக மேல் என்று சொல்ல முடியவில்லை. காப்பு என்ற சொல் கேட்டால் மாணவி ‘ஒட்டியாச்சு, இனிக் கவலையில்லை’ என்று நினைப்பாள். ஒட்டின பிறகும் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்க்க வேண்டும்.

சரி, என் பரிந்துரை. கருவிக்குக் குழல்பிடி. செயலுக்குப் பிடிமானம்.

பிடி என்பது கையின் வேலை. கைப்பிடி, பிடிகயிறு என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இறுக்கவும் இல்லை, அடைக்கவும் இல்லை, பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘பிடிமானம் இல்லை’ என்று யார் சொன்னாலும் எதையோ பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பது உடனே விளங்கும். ‘மூணாவது கட்டிலில் பிடிமானம் விட்டுப்போச்சு’ என்று என் மாணவி ஒருத்தி போன வாரம் இயல்பாகச் சொன்னாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘பிடிப்பு’ மட்டும் வேண்டாம், இடுப்புப் பிடிப்பு நினைவுக்கு வரும்.

இதிலிருந்து கிளைச் சொற்களும் எளிதாக வருகின்றன. தோலில் ஒட்டுவது ஒட்டுப்பிடி. படலத்திலோ குழலிலோ சேர்ந்தே வருவது உடன்பிடி. தோலுக்கு அடியில் சிறு கொக்கி விரித்து நிற்பது தோலடிப்பிடி. வாயில் வைத்த ட்யூபைக் கழுத்தைச் சுற்றிக் கட்டும் நாடா, நாடாப்பிடி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2011 வழிகாட்டியில் தொற்றைக் குறைக்கப் பரிந்துரைத்தது தையலில்லாப் பிடி. தைத்தால் ஊசி போன துளைகளிலும் கிருமி தங்கும், தைப்பவர் கையிலும் ஊசி குத்தும்.

இலங்கை நண்பர் ‘நாளப்பிடி’ என்று எழுதியிருந்தார். அங்கே பள்ளிப் பாடத்திலேயே வெயின் என்றால் நாளம், ஆர்ட்டரி என்றால் நாடி. இங்கே சிரை, தமனி. ‘நாளப்பிடி’ என்றால் நாளத்தைப் பிடிப்பதாக ஆகிவிடும்; நாம் பிடிப்பது குழலை. சிறுநீர்க் குழலுக்கும் அது பொருந்தாது. ‘குழாய்ப்பிடி’யும் சரிவராது. இங்கே ரத்தக்குழாய் என்பது உடம்புக்குள் இருப்பது, தண்ணீர்க்குழாய் தெருவில் இருப்பது. நாம் செருகுவதைக் குழல் என்றும் உடம்பில் உள்ளதைக் குழாய் என்றும் பிரித்துக்கொண்டால் மாணவிகளுக்குக் குழப்பமில்லை.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ஒட்டும் முன் குழலின் மீதியை ஒரு வளையமாக விட்டு ஒட்டுகிறோம், யாராவது இழுத்தால் அந்த இழுப்பு வளையத்தோடு போய்விடும், ஊசி போன இடத்துக்கு வராது. அதற்கு ‘விடுவளையம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். தொய்வு, சுருள் இரண்டையும் யோசித்தேன். சுருள் என்றால் முறுக்கிக்கொள்ளும் என்று தோன்றுகிறது. மீனவர் பேச்சிலோ நெசவிலோ இப்படித் தளர்வாக விடும் கயிற்றுக்கு ஒரு சொல் இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கையேட்டின் அந்தப் பக்கத்தை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

அன்புடன்,
வார்டுக்காரி