புதுப்பிப்பு: எடை குறைத்தால் ஒற்றைத் தலைவலி குறையுமா?

எடை குறைத்தால் ஒற்றைத் தலைவலி குறையுமா என்று போன முறை கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. தலைவலி முழுதாக நிற்கவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்திருக்கிறது.

வெள்ளவத்தையில் பார்த்த டாக்டர் சொன்னது இதுதான்: உடற்பருமன் உள்ளவர்களுக்கு, எப்போதாவது வரும் தலைவலி மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வரும் நிலைக்கு முற்றும் வாய்ப்பு அதிகம். கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரப்பது ஒரு காரணமாம். அதற்காகப் பட்டினி கிடக்கவே கூடாது, பசியே தலைவலியைக் கிளப்பிவிடும் என்றார்.

அதனால் வெறும் பிளேன்டீயோடு பஸ் ஏறுவதை விட்டுவிட்டேன். இப்போது காலையில் குரக்கன் இடியப்பம், பருப்பு, கொஞ்சம் சம்பல். இரவில் சோறு பாதிதான். சந்தையில் சூடை மீன் கிடைத்தால் பொரிக்காமல், பழப்புளி விட்டுக் குழம்பு வைக்கிறோம். 2021இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், சூடை போன்ற மீன்களில் இருக்கும் ஒமேகா-3 என்ற கொழுப்பைக் கூட்டி, சில தாவர எண்ணெய்களில் நிறைய இருக்கும் லினோலிக் அமிலத்தைக் குறைத்தவர்களுக்குத் தலைவலி நாட்கள் குறைந்தன.

அப்புறம், மருந்து பற்றிக் கேட்ட அக்காவுக்கு: தலைவலி வராமல் தடுக்கத் தரும் அமிட்ரிப்டிலின் போன்ற சில மருந்துகள் எடையைக் கூட்டலாம். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.