செஸ்டர்ஸ் ரோமானியக் கோட்டை: பாலம் ஏன் புல்தரையில் நிற்கிறது?

பழையதடம்:
வடக்கு இங்கிலாந்தில், ரோமானியர் எல்லைக் காவலுக்குக் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய செஸ்டர்ஸ் கோட்டைக்குப் போயிருந்தேன். கோட்டையை ஒட்டி ஓடும் வடக்கு டைன் ஆற்றின் எதிர்க்கரையில் ரோமானியப் பாலத்தின் அடிப்பகுதி என்று பெரிய கல்கட்டு ஒன்று இருக்கிறது. ஆனால் ஆற்றை விட்டுத் தள்ளி நிற்கிறது. ஏன்? இவ்வளவு நீளச் சுவர் இருக்கும்போது ஆற்றுக்கென்று தனிக் கோட்டை எதற்கு?

பாலவேலை:
ஆறு இடம் மாறிவிட்டது. வடக்கு டைன் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே, கோட்டைப் பக்கம் நகர்ந்ததால் கிழக்கு அபட்மென்ட், அதாவது பாலத்தின் முனையைக் கரையில் தாங்கும் அந்தக் கல்கட்டு, கரையேறி நிற்கிறது. மேற்குப் பக்கத்து அபட்மென்ட் ஆற்றில் சிதைந்துபோயிற்று.

பாலம் கட்டுவதுதான் என் பிழைப்பு. அந்தக் கற்களைக் குனிந்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள். கல்லைத் தூக்க மேலே வெட்டிய குழி இன்னும் கூர்மையாக இருக்கிறது. கல்லுக்குக் கல் நீளமாக ஓடும் காடியில் இரும்புக் கம்பி பதித்து ஈயம் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பயந்து கட்டியவன் கை அது! பழைய ஒடுக்கமான பாலத்தின் தூண் ஒன்றும் அதற்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. பின்னால் வந்தது மூன்று தூண், நான்கு கண் வைத்த பெரிய பாலம். அபட்மென்டின் வடக்கு முகத்தில் ஓர் ஆண்குறி செதுக்கியிருப்பார்கள், கண்ணேறு கழிக்கத்தான்.

மதில்மேல்:
இரண்டாவது கேள்விக்கு: சுவர் ஆற்றில் அறுபடுகிறது. எதிரி நுழைய அதைவிட லேசான இடம் உண்டா? சுவர் வேலை கி.பி. 122இல் தொடங்கியது. முதலில் அங்கே சிறு காவல் கோபுரம் மட்டும்தான். சில ஆண்டுகளில் அதை இடித்து, அகழியைத் தூர்த்து, அதன்மேல் கோட்டையை எழுப்பினார்கள். பின்னாளில் அங்கே காவல் இருந்தது ஸ்பெயினின் அஸ்தூரியப் பகுதிப் பெயர் தாங்கிய குதிரைப்படை, சுமார் 500 பேர். பெரிய வாசல் நான்கில் மூன்று சுவருக்கு வடக்கே திறக்கின்றன. ஒளிந்துகொள்ளக் கட்டிய கோட்டைக்கு இப்படி வாசல் வைப்பார்களா? குதிரைகள் ஒரே நேரத்தில் வெளியே பாய வேண்டும், அதற்காகத்தான்.

பழையதடம்:
ஆற்றோரம் இருந்த குளியல்கூடம் இந்தப் படையினருக்கா?

மதில்மேல்:
ஆமாம். கோட்டைக்கு வெளியே, ஆற்றுக்கும் கோட்டைக்கும் நடுவே. உடைமாற்றும் அறைச் சுவரில் வரிசையாக ஏழு மாடங்கள் பார்த்திருப்பீர்களே, அதுதான்.