மடக்குமாட்டியா, மடிதோள் மாட்டியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கழுத்து வாய் சிறுத்த உடைகளுக்குள் மடிந்து நுழைந்து, உள்ளே போனதும் விரியும் ஹேங்கருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் மடற்குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை மடக்குத் துணிமாட்டி, குடைத்தாங்கி, நுழைமாட்டி, சிறகுமாட்டி என்று பல சொற்கள் வந்துவிட்டன. என் பரிந்துரை: மடிதோள் மாட்டி. கொஞ்சம் விரிவாகவே காரணம் சொல்கிறேன். பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் பெயர் வைத்தால், நாளைக்கே அது வேறொரு பொருளோடு முட்டிக்கொள்ளும்.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பெரியவர்களுக்கான ஹேங்கர் 40 முதல் 45 சென்டிமீட்டர் அகலம். வட்டக் கழுத்து டி-சர்ட்டைத் தரையில் விரித்து அளந்தால் கழுத்து அகலம் 17, 18 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஹேங்கரின் ஒரு கையை உள்ளே விட்டுச் சாய்த்து மறு கையை நுழைக்கும்போது கழுத்தைச் சுற்றியுள்ள ரிப் பட்டையை இழுத்தே ஆகவேண்டும். தலை நுழைவதற்காகவே நீளும்படி பின்னியதுதான் ரிப் என்றாலும், தலை இழுப்பது ஒரு நொடி, அதுவும் சுற்றிலும் சமமாக. ஹேங்கர் முனை ஒரே இடத்தில் இழுக்கிறது. துணி ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். நனைந்த பருத்திப் பின்னல் எளிதாக நீளும், திரும்பச் சுருங்கத் தயங்கும். சில மாதத்தில் கழுத்து அலையலையாகத் தொங்குவது இப்படித்தான்.

துணியைக் கீழ்ப்பக்கமாகத் தூக்கி, ஹேங்கரை அடியிலிருந்து விட்டால் கழுத்து தப்பிக்கும். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. நனைந்த துணியில் செய்து பாருங்கள், ஏன் என்று புரிந்துவிடும்.

கம்பி ஹேங்கரின் கதையாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1903-இல் மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் நகரில் நடந்தது. கம்பித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஆல்பர்ட் பார்க்கவுஸ், கோட் மாட்ட இடமில்லாமல் ஒரு கம்பியை வளைத்துச் செய்தாராம். கோட் முன்பக்கம் முழுவதும் திறந்த உடை. அதற்கு விறைப்பான ஒரே துண்டு போதும். நாம் இன்று அதே வடிவத்தைத் திறப்பே இல்லாத பின்னலாடைக்குள் திணித்துக்கொண்டிருக்கிறோம்.

> மடக்கு நாற்காலி, மடக்குக் கத்தி என்று மக்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள். மடக்குமாட்டி என்றால் உடனே புரியுமே?

புரியும். ஆனால் எது புரியும் என்பதுதான் கேள்வி. பயணப் பெட்டிக்குள் வைக்க மடக்கும் ஹேங்கர் ஏற்கெனவே கடையில் கிடைக்கிறது. மடக்கு நாற்காலியும் மடக்குக் கத்தியும் அந்த வகைதான்: வேலை முடிந்த பிறகு மடக்கி வைப்பவை. நாம் பேசும் பொருள் வேலை தொடங்கும்போது மடிகிறது, துணிக்குள் போனதும் விரிகிறது. பயண ஹேங்கருக்கு மடக்குமாட்டி என்பது அழகாகப் பொருந்துகிறது, அதை அதற்கே விட்டுவிடலாம்.

குடைத்தாங்கி வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள். மழைக்காலத்தில் வாசலில் குடை செருகி வைக்கும் சாதனத்தைத்தான் அது நினைவூட்டும். அடுத்தது, பொறியியல் கலைச்சொற்களில் தாங்கி என்பது, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்குப் போய்விட்டது. உருளைத் தாங்கி, பந்துத் தாங்கி என்றெல்லாம் எழுதும் அதே அகராதியில் ஹேங்கரையும் தாங்கி என்றால் இயந்திர வரைபடத்தில் குழப்பம் வரும். மாட்டி என்பது வீட்டுச் சொல். சாவி மாட்டி என்கிறோம், துணி மாட்டி என்கிறோம், பேச்சோடு ஒட்டி வருகிறது.

நுழைமாட்டி சுருக்கமாக இருக்கிறது, ஆனால் எந்த ஹேங்கரும் நுழையத்தான் செய்கிறது. சிறகுமாட்டி கேட்க இனிமையானது. விளம்பரத்துக்கு நல்ல பெயர். தையல் நூலிலோ வரைபடத்திலோ வந்தால் சிறகு எது என்று தனியாக விளக்க வேண்டியிருக்கும்.

இனி வடிவமைப்புக்கு வருகிறேன், பெயர் அதிலிருந்துதான் கிடைத்தது.

ஹேங்கரின் இரண்டு கைகளையும் இனி தோள்கள் என்கிறேன். தோள்கள் மேல்நோக்கி மடிந்தால், விரித்தபடி நிறுத்தப் பூட்டே தேவையில்லை. சுமை கீழே இழுக்கும், தடையில் போய் நின்றுவிடும். ஆனால் அதை உள்ளே விட வேண்டுமென்றால் தோளின் முழு நீளமும் கழுத்துக்குக் கீழே இறங்க வேண்டும், நம் கையையும் கூடவே விட வேண்டும். ஆகவே கீழ்நோக்கித்தான் மடிய வேண்டும். குடையைச் சுருக்கியதுபோல நுனிகள் முதலில் இறங்கும், நம் விரல் கழுத்துக்கு வெளியிலேயே இருக்கும். அப்படிச் செய்தால் துணியின் எடையே தோளை மடக்கப் பார்க்கும். ஈரத்துணி அரை கிலோ என்று வையுங்கள். ஒரு தோளுக்குக் கால் கிலோ. அது மடியும் இடத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கினால், 1 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பூட்டுப் பல்லின் மேல் 3 கிலோ அழுத்தம் விழும். மலிவான மடக்கு ஹேங்கர்களில் பல் தேய்ந்து, தோள் தொய்ந்து போவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ஸ்பிரிங் வைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்டிருந்தார்கள். சாதாரண எஃகு ஸ்பிரிங் ஈரத்துணிக்கு நடுவே துருப்பிடிக்கும், வெள்ளை பனியனில் கறை ஏறினால் எளிதில் போகாது. நான் விரும்பும் அமைப்பு இது: ஒவ்வொரு தோளும் தான் திரும்பும் புள்ளிக்குக் கீழே ஒரு குட்டைக் காலை நீட்டியிருக்கும். அதைக் குதி என்று வைத்துக்கொள்வோம். தோள் நுனி தாழ்ந்தால் குதி நடுவை நோக்கி நகரும். கொக்கியின் தண்டு இரண்டு குதிகளுக்கும் இடையே இறங்கி, அடியில் ஆப்பாகப் பருத்திருக்கும். கொக்கியை மேலே இழுத்தால் ஆப்பு ஏறி, குதிகளை விலக்கி, தோள்களை விரிக்கும். கொடியில் மாட்டியதும் துணியின் எடை முழுவதும் கொக்கி வழியாகத்தான் போகிறது என்பதால் ஆப்பு மேலேயே நிற்கும், குதி உள்ளே வர வழியில்லை. எடை கூடக் கூடப் பிடி இறுகும். கழற்றும்போது கொக்கியைக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும். ஆப்பு இறங்கும், தோள் மடியும், ஹேங்கர் கழுத்து வழியாகவே வெளியே வந்துவிடும். குதியின் நீளத்தை 2 சென்டிமீட்டராக்கினால் மேலே சொன்ன 3 கிலோ ஒன்றரைக் கிலோவாகக் குறையும்.

தோள் நுனி பற்றியும் ஒரு வார்த்தை. அது தையல் விளிம்புக்கு உள்ளேயே நிற்க வேண்டும், அகலமாக உருண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தைக் காப்பாற்றிவிட்டுத் தோளில் கூம்பு எழுப்பிவிடுவோம்.

தோள் திரும்பும் ஆணிக்கு முதலில் கீலாணி என்றுதான் எழுதியிருந்தேன். முந்தைய மடலில் ஓர் அம்மா, பழைய மரக்கதவு குடுமியில்தானே திரும்புகிறது, அந்தச் சொல் ஆகாதா என்று கேட்டார். இந்த வடிவத்துக்கு அதுதான் சரியான சொல். தனி ஆணி போட்டால் அதுவும் துருப்பிடிக்கும். தோளோடு சேர்த்தே ஒரு முளையை வார்த்து, இரண்டு தோள்களையும் இணைக்கும் நடுக்கட்டையில் உள்ள குழியில் பொருத்துவதுதான் நல்லது. கதவிலும் குடுமி தனியாகச் செருகிய ஆணி கிடையாது, கதவு மரத்திலிருந்தே நீண்டு வருவது. குடுமி, குடுமிக்குழி என்று இரண்டு சொற்களும் அப்படியே கிடைத்துவிட்டன. தச்சரிடம் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு நாம் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியதில்லை.

இப்போது மடிதோள் மாட்டி. மடிவது தோள், மாட்டுவது முழுப் பொருள், இரண்டும் பெயரிலேயே இருக்கின்றன. தையற்காரர் தோள் என்றால் எந்த இடம் என்று கேட்க மாட்டார். துணியின் தோளும் ஹேங்கரின் தோளும் ஒன்றன்மேல் ஒன்று உட்காருபவை.

> மடித்தோள் என்று ஒற்று மிக வேண்டாமா? மடிக்கணினி என்கிறோமே?

மடிக்கணினியில் மடி என்பது பெயர்ச்சொல், உட்கார்ந்தால் கிடைக்கும் மடி. இங்கே மடி என்பது வினை. மடிந்த தோள், மடிகிற தோள், மடியும் தோள் மூன்றுக்கும் பொதுவான வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. ஆகவே ஒற்று மிகாது. மடித்தோள் என்று எழுதினால் மடியில் உள்ள தோள் என்று ஆகிவிடும். சேர்த்து எழுதினால் புணர்ச்சி விதிப்படி மடிதோண்மாட்டி என்று வரும். அது யாருக்கும் விளங்காது. இடம் விட்டு மடிதோள் மாட்டி என்றே எழுதுவோம்.

மடிதல் என்றால் சாவு என்றும் பொருள் உண்டே என்ற தயக்கம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. காகிதமும் மடிகிறது, வேட்டிக் கரையும் மடிகிறது, யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

குறுங்கழுத்து என்ற அடைமொழியைப் பெயரில் சேர்க்க வேண்டாம். குறுமை நீளக் குறைவையும் சுட்டும். போலோ சட்டையின் கழுத்து அகலம் ஏறக்குறைய இதே அளவுதான், ஆனால் முன்பட்டியை, அதாவது கழுத்துக்குக் கீழே பொத்தான் வைத்த திறப்பை, திறந்தால் ஹேங்கர் சிரமமில்லாமல் போய்விடும். ஆகவே எந்த உடைக்கு என்பதை விளக்கத்தில் எழுதுவதுதான் முறை. பதிவு இப்படி இருக்கலாம்:

மடிதோள் மாட்டி: கழுத்து வாய் சிறுத்த, முன்பட்டி இல்லாத உடைகளுக்கான ஹேங்கர். தோள்கள் கீழ்நோக்கி மடிந்து கழுத்து வழியே உள்ளே இறங்கி, கொக்கியை இழுத்ததும் விரிந்து நிற்கும். உறுப்புகள்: கொக்கி, தண்டு, ஆப்பு, நடுக்கட்டை, தோள், குதி, குடுமி, குடுமிக்குழி.

இந்தப் பட்டியலில் எனக்கு முழு நிறைவு இல்லாதது குதி மட்டும். குதி என்றால் வாசகர் குதிப்பதை நினைக்கலாம், குதிகால் என்றால் நீள்கிறது. திருப்பூர், கோவைப் பக்கம் பட்டறையில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட குட்டைக் காலுக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வந்ததும் பதிவைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்.