புதுப்பிப்பு: பழைய பைக்கில் கார்புரேட்டரா, ஃபியூயல் இன்ஜெக்‌ஷனா?

என் பழைய பைக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் திருகாதபோது) எஞ்சின் நிற்காமல் ஓடுவதில்லை, கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) தூக்கிவிட்டு இன்ஜெக்‌ஷன் (எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) போடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடிவு: கார்புரேட்டரே இருக்கட்டும். "முதலில் பைலட் ஜெட்டைப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் பலித்தது. பைலட் ஜெட் என்பது ஐடிலில் பெட்ரோல் போகும் சின்ன ஓட்டையுள்ள பாகம். பழைய பெட்ரோல் காய்ந்து பிசின்போல் ஓட்டையை அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தவில்லை, ஓட்டை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தேன். ஸ்டார்ட் பிரச்சினை போயிற்று.

ஆனால் ஐடில் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இதுதான் எதிர்பாராதது: கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் மயிரிழை விரிசல். எஞ்சின் சூடேறும் முன், ஐடிலில் ஓடவிட்டு அங்கே கொஞ்சம் கிளீனர் ஸ்ப்ரே செய்ததும் வேகம் மாறியது, அதில் பிடிபட்டது. (சூடான எஞ்சினில் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.) ரப்பரை மாற்றி, ஏர் ஸ்க்ரூவை (ஐடிலில் காற்றின் அளவைச் சரிசெய்யும் திருகு) திருத்தினேன். சரியாகிவிட்டது.

இன்ஜெக்‌ஷனைக் கைவிட்டதற்குக் காரணம் மின்சாரம். பம்ப், ஈசியூ (இன்ஜெக்‌ஷனைக் கட்டுப்படுத்தும் சின்ன கம்ப்யூட்டர்), சென்சார்கள் எல்லாவற்றுக்கும் தடையில்லாமல் கரண்ட் வேண்டும். என் பைக்கின் பழைய ஸ்டேட்டர் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் பாகம்) ஹெட்லைட்டுக்கே திணறுகிறது. அடிக்கடி மலையேறுகிறவர்கள் வேறு முடிவெடுக்கலாம். இன்ஜெக்‌ஷனைப் போல உயரத்துக்கேற்ப எரிபொருளைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி என் கார்புரேட்டரில் கிடையாது.