மூடி போட்ட பாட்டிலுக்குள்ள நீங்க பாத்தது என்ன? அனுபவம் சொல்லுங்க

சேத்துக்குளம்:
பிஎஸ்சி மைக்ரோபயாலஜி ரெண்டாவது வருஷம், எல்லாரும் பண்ற அதே வினோகிராட்ஸ்கி செட்டப்தான், சேத்துல இருக்கற நுண்ணுயிர் கலர் கலரா வளர்றத பாக்குற பாட்டில். தெப்பக்குளத்து சேறு, கிழிச்ச பேப்பர், முட்டை ஓடு, மஞ்சக்கரு, மேல தண்ணி, வாய இறுக்கி மூடி ஜன்னலோரம் வச்சாச்சு. அடி கறுத்துச்சு, மேல பச்சை கட்டுச்சு, அதெல்லாம் ரெக்கார்ட் நோட்லயே இருக்கும். எனக்கு மறக்காதது வேற. கழுவுறதுக்கு முன்னாடி குரூப் பேர் எழுதி ஒட்டுன லேபிள உரிச்சேன், சுத்தி முழுக்க கத்திரிப்பூ கலர்ல படிஞ்சிருக்கு, லேபிள் இருந்த இடம் மட்டும் கட்டம் போட்டு வெட்டுனாப்ல வெறும் கறுப்பு. வெளிச்சம் படாத இடத்துல அந்த கலரக் குடுக்குற பர்ப்பிள் சல்ஃபர் பாக்டீரியா வராது, பரீட்சையில எழுதிருக்கேன், ஆனா கண்ணால பாக்குறப்ப என்னமோ பண்ணுச்சு. மேடம் "கழுவுடி"ன்னு கத்துற வரைக்கும் அப்படியே நின்னேன்.

கடைசிபெஞ்ச்:
எங்களுக்கு இவ்ளோ ஹைடெக் இல்லீங்க. எட்டாவதுல தக்காளிய ஊறுகா பாட்டில்ல போட்டு மூடிய சுத்தி மெழுகு ஊத்தி அடைச்சோம், சார் சொன்னாருன்னு எதிர்த்த மளிகைக்கடை தராசுல எடை போட்டு எழுதி வச்சோம். முதல்ல சாம்பல் கலர்ல பூஞ்சை முடி முடியா வந்துச்சு, அப்புறம் எல்லாம் தண்ணியா எறங்கி தோல் மட்டும் கிடக்கு. திரும்ப கடைக்கு கொண்டு போனா அதே எடை. தக்காளியே இல்ல, எடை எப்படி இருக்கும்? அண்ணாச்சியும் எடுத்து எடுத்து வச்சு பாத்துட்டு "தராசு சரிதான்டா தம்பி, உன் பாட்டில்லதான் ஏதோ கோளாறு"ன்னுட்டாரு.

உரக்குழி:
தம்பி, கோளாறெல்லாம் இல்ல, மெழுகு நல்லா அடைச்சிருக்கு. கார்பன் டை ஆக்சைடு, தண்ணி எல்லாம் உள்ளயே இருக்கு, எங்க போகும்? நான் வாழப்பழத்தோல் போட்டு மூடி டப்புனு எகிறி சீலிங்ல அடிச்ச ஆளு. அதனால பெத்தவங்களுக்கு சொல்றேன், கண்ணாடி வேண்டாம், பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் எடுங்க, காய்கறித் தோல கழுத்து வரைக்கும் திணிக்காதீங்க, மூடியில ஊசியால ஓட்டை போட்டு பஞ்சு வைங்க, மொட்ட வெயில்ல வைக்காதீங்க. கறுப்பு சேறுன்னா ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்டை நாத்தம், வெளிய கொண்டு போய் மூஞ்சிய தள்ளி வச்சு தொறங்க, ஆஸ்துமா இருக்கற பிள்ளைங்க பூஞ்சை பாட்டில தொறக்கவே கூடாது, அப்படியே குப்பைக்கு அனுப்பிடுங்க.

சேத்துக்குளம்:
ஓட்டை போட்டா அப்புறம் எதுக்குங்க அடைக்கணும்? அமெரிக்கா அரிசோனாவுல பயோஸ்பியர் 2ன்னு காத்து புகாம அடைச்ச பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள 1991ல எட்டு பேர ரெண்டு வருஷத்துக்கு விட்டு மூடுனாங்களே, உள்ள ஆக்சிஜன் 20.9 சதவீதத்துலருந்து 14.5 கிட்ட வந்து, 1993 ஜனவரில வெளியிலருந்து ஏத்துனாங்க. மண்ணுல மக்கு ஜாஸ்தி, அத தின்ன நுண்ணுயிரெல்லாம் ஆக்சிஜன இழுத்துடுச்சு, அது விட்ட கார்பன் டை ஆக்சைட காங்கிரீட் இழுத்துக்கிச்சு, அதான் ஆக்சிஜன் எங்க போச்சுங்கற கணக்கு லேசுல பிடிபடல. ஓட்டை இருந்திருந்தா இதெல்லாம் தெரிஞ்சே இருக்காது.

உரக்குழி:
அவங்க விஞ்ஞானிங்கம்மா, நான் ஆறாங்கிளாஸ் பசங்கள சொல்றேன்.

புதுசு:
குளத்து சேத்துக்கு பதிலா வயல் சேறு ஓடுமா? பையனுக்கு திங்கக்கிழமை எக்ஸிபிஷன்.

சேத்துக்குளம்:
வயல் சேறு தாராளமா ஓடும். திங்கக்கிழமைதான் ஓடாது, கலர் கட்ட வாரக்கணக்காகும். தக்காளி பாட்டில கொண்டு போகச் சொல்லுங்க, தராசோட.